ஆடியவளின் கையெழுத்து

புறநானூற்றில் பாழ்பட்டுப் போன ஊர் ஒன்றின் சித்திரம் வருகிறது. ஊர்ப் பொதுவிடத்தில் நரைத்த முதியவர்கள் நாள்தோறும் வல்லாடியதால் காய் வைத்த இடங்களெல்லாம் குழிந்து போயிருக்கின்றன. ஊர் அழிந்த பிறகு அந்தக் குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. அழிவைச் சொல்லவந்த புலவர் தம்மை அறியாமலே இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போனார். ஆண்கள் ஆடிய ஆட்டம் தளத்தில் தடம் விட்டது; ஊர் போனாலும் குழி மிஞ்சியது. அதே சங்கப் பாட்டுகளில் பெண்களும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். கடற்கரையில் வண்டல் இழைக்கிறார்கள், ஓரையாடுகிறார்கள், முற்றத்தில் கழங்கு எறிகிறார்கள், பந்து அடிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வாய்த்த ஆடுகளம் பெரும்பாலும் மணல். அடுத்த அலையோ அடுத்த நாள் பெருக்கும் துடைப்பமோ அதை அழித்துவிடும். யார் வென்றாள், எப்படி வென்றாள் என்று யாரும் கேட்கவில்லை. அகப்பாட்டில் அவளது விளையாட்டு முடிகிற இடத்தில்தான் கதை தொடங்குகிறது. பருவம் வந்ததும் ஆயத்தைவிட்டு நீங்கி அவள் வீட்டுக் காவலுக்குள் போய்விடுகிறாள். இன்றோ, பெண்கள் தேசிய சதுரங்கப் போட்டியொன்றில் எதிரெதிரே அமர்ந்து நான்கைந்து மணி நேரம் ஆடுவதைப் பார்க்கிற தலைமுறை நாம். இது முன்னெப்போதும் இல்லாத புதுமை என்று மகிழ்வதற்கு முன், எது புதிது, எது பழையது என்று கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பெண் ஆடுவது பழையது. அதற்கு நம் திருவண்ணாமலையே சாட்சி. மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது இந்த ஊரில் என்பது பலருக்கும் தெரியும். திருவம்மானையும் இங்கேதான் பாடப்பட்டது என்பது அந்த அளவுக்கு நினைவில் இருப்பதில்லை. அம்மானை பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்தபடி பாடுகிற ஆட்டம். சாழல், பொன்னூசல், பூவல்லி என்று திருவாசகத்தின் பல பதிகங்கள் பெண்களின் ஆட்டங்களிலிருந்தும் கூட்டுச் செயல்களிலிருந்தும் வடிவத்தை எடுத்துக்கொண்டவை. அமைச்சராக இருந்தவர் என்று சொல்லப்படும் ஒரு துறவி, தம் இறைவனைப் பாட வேறு வடிவங்கள் எத்தனையோ இருக்க, முற்றத்துப் பெண்களின் விளையாட்டைக் கடன் வாங்கினார். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்தப் பாடல்கள் நிற்கின்றன. அவர் காதில் அந்த மெட்டை ஏற்றிய பெண்களில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குக் கிடைக்கவில்லை. இதே ஊரில் ஒரு பெண்ணின் பெயர் கல்லில் ஏறி நிற்பதும் உண்டு. பெரிய கோயிலின் வடக்குக் கோபுரத்தை நாம் அம்மணி அம்மன் கோபுரம் என்கிறோம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்து, மணவாழ்வை மறுத்துத் துறவு பூண்டு, வீடுவீடாகப் போய்ப் பொருள் திரட்டி அந்தக் கோபுரத்தை முடித்தவர் அவர். கொடுத்தவள், கட்டியவள், நோன்பிருந்தவள் என்றால் பெயர் எழுத இந்த மண் தயங்கியதில்லை. ஆடியவள் என்றால்தான் எழுதுகோல் நின்றுவிடுகிறது.

சதுரங்கம் ஆடிய பெண்ணைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழைய கதை திருவாரூர் மாவட்டம் பூவனூரில் இருக்கிறது. நீடாமங்கலத்தை ஒட்டிய அந்தப் பாடல் பெற்ற தலத்தில் இறைவன் பெயர் சதுரங்க வல்லபநாதர். தலபுராணம் சொல்வது இது: வசுதேவன் என்ற அரசனின் மகளாக வளர்ந்த ராஜராஜேசுவரி சதுரங்கத்தில் நிகரற்றவள். அவளை ஆட்டத்தில் வெல்பவனுக்கே அவளை மணமுடித்துத் தருவதாக அரசன் அறிவிக்கிறான். யாராலும் முடியவில்லை. ஊர் ஊராகத் தலயாத்திரை போய்ப் பூவனூர் வந்து சேர்ந்தபோது ஒரு முதிய சித்தர் வந்து ஆடுகிறார், வெல்கிறார். வந்தவர் சிவபெருமான் என்று பிறகு தெரிகிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்த நாட்களில் இந்தக் கோயில் நாடெங்கும் பேசப்பட்டது. பெண்ணின் அறிவை மதித்த மரபு நம்முடையது என்பதற்குச் சான்றாகப் பலர் இதைக் காட்டினார்கள். சான்றுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். அவள் வென்ற ஆட்டங்கள் எத்தனையோ. புராணம் நிறுத்தி விவரிப்பது அவள் தோற்ற ஒரே ஆட்டத்தை. அவள் தொடர்ந்து வென்றபோது தந்தைக்குப் பெருமையைவிடக் கவலையே மிகுந்தது. பலகையில் ராஜாவைக் காத்துக்கொண்டிருந்தவளுக்குப் பலகைக்கு வெளியே பந்தயப் பொருள் அவளேதான். இப்போது தம் பிள்ளைகள் ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்று அந்தச் சன்னிதிக்கு வந்து வேண்டிக்கொள்ளும் பெற்றோர் உண்டு. அருகே நிற்கும் அம்மன் என்ன நினைப்பாளோ!

கதைக் காலத்தைவிட்டு நாள் குறித்த வரலாற்றுக்கு வந்தால் முதலில் எதிர்ப்படுபவர் மிஸ் ஃபாத்திமா. பஞ்சாபின் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான் லண்டனில் தங்கியிருந்தபோது அவரது இல்லத்தில் பணிசெய்தவர். அதே வீட்டைச் சார்ந்து வாழ்ந்த மீர் சுல்தான் கான் 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகள் பிரிட்டிஷ் சாம்பியனானது உலகறிந்த சேதி. 1933-இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் அவர் மூன்றாம் முறை வென்றபோது, அங்கேயே பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றவர் ஃபாத்திமா. எஜமானர் இந்தியா திரும்பினார், வீட்டாரும் திரும்பினார்கள். அதன்பின் எந்தப் பெரும் போட்டியிலும் ஃபாத்திமா பெயர் இல்லை. சுல்தான் கானும் அப்படித்தான் ஊர் திரும்பி மறைந்தார் என்றாலும் அவரைப் பற்றிப் புத்தகங்கள் வந்தன. 2024-இல் உலக சதுரங்கக் கூட்டமைப்பு மறைந்த அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டமும் வழங்கியது. ஃபாத்திமாவுக்கு முழுப்பெயர்கூட இல்லாமல் 'மிஸ்' என்ற முன்னொட்டோடுதான் வரலாற்றில் இடம். 2000-இல் ஆந்திரத்திலிருந்து போன பதின்மூன்று வயதுச் சிறுமி கொனேரு ஹம்பி அதே பிரிட்டிஷ் மகளிர் பட்டத்தை வென்றாள். இடையில் அறுபத்தேழு ஆண்டுகள்.

அந்த இடைவெளியின் நடுவில்தான் நமது தேசிய மகளிர் சாம்பியன்ஷிப் பிறக்கிறது. இந்தியாவின் முதல் தேசியப் போட்டி 1955-இல் ஏலூரில் நடந்தது. மகளிருக்கென்று தனியாக ஒன்று 1974-இல்தான் பெங்களூரில் நடந்தது. வென்றவர் வாசந்தி காடில்கர். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இந்தியப் பெண்கள் சதுரங்கம் என்றாலே மும்பையின் காடில்கர் சகோதரிகள்தான்: வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி. மூவரில் இளையவரான ரோகிணி 1976-இல் பதின்மூன்று வயதில் மகளிர் பட்டம் வென்றதோடு நிற்காமல் ஆண்களின் தேசியப் போட்டியிலும் போய் அமர்ந்தார். எதிர்ப்புக் கிளம்பியது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உலகக் கூட்டமைப்பின் தலைவர் மாக்ஸ் யூவே, பெண் என்பதற்காக யாரையும் தேசிய, சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கக் கூடாது என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. அந்தப் போட்டியில் மூன்று மாநிலங்களின் சாம்பியன்கள் அந்தச் சிறுமியிடம் தோற்றார்கள். அவளைத் தடுக்க முனைந்தவர்களின் பயம் முழுக்க ஆதாரமற்றதில்லை போலும்.

காடில்கர்களுக்குப் பின் பாக்கியஸ்ரீயும் அனுபமாவும் வந்தார்கள். எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகள் வரை தேசியப் பட்டம் பெரும்பாலும் இந்த இருவருக்குள் மாறிமாறிப் போய்வந்தது. ஆளுக்கு ஐந்து முறை. இருவரும் பலகையின் இரு பக்கமும் அமர்ந்த ஆட்டங்களைக் கோத்தாலே அந்தக் காலத்து இந்திய மகளிர் சதுரங்கத்தின் வரலாறு கிடைத்துவிடும். ஆனால் அந்த வரலாற்றைத் தேடுகிறவருக்கு ஒரு சின்னச் சங்கடம் உண்டு. பாக்கியஸ்ரீ தொடக்கத்தில் சாத்தே, பிறகு திப்சே. அனுபமா தொடக்கத்தில் அப்யங்கர், பிறகு கோகலே. 1986-இல் பத்மஸ்ரீ பெற்ற அனுபமா அப்யங்கரும் 1997-இல் தேசியப் பட்டம் வென்ற அனுபமா கோகலேயும் ஒருவரே என்று தெரியாத பிற்காலத்தவர், பட்டியலில் இரண்டு ஆட்டக்காரர்களைக் காண நேரலாம். நம் பக்கத்தில் குடும்பப் பெயர் வழக்கமில்லாததால் இந்தக் குழப்பம் குறைவு. தந்தையின் முதலெழுத்து முன்னே நின்று காக்கிறது. பின்னாளில் தேசியப் பட்டம் வென்ற சென்னையின் எஸ். விஜயலட்சுமி மணமான பின்பும் போட்டிப் பட்டியலில் சுப்பராமன் விஜயலட்சுமியாகவே இருந்தார்.

பெயரும் பட்டியலும் என்றதும் நம் வேங்கிக்காலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வேலூர் சாலையில் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நிற்கும் இந்த இடத்துக்கு, மாவட்டத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மக்கள் ஒரு காகிதத்தைத் தேடி வருகிறார்கள். மனுநாள் கூட்டத்தில் பாருங்கள், நெடும்பயணம் வந்த பெண்களின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை; அதற்குள் பழைய பட்டா, வாரிசுச் சான்று, மடித்து மடித்துக் கிழிந்த பத்திர நகல். 1989 செப்டம்பர் 30-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து இந்த மாவட்டம் உருவானது. அதே ஆண்டில்தான் தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மகளுக்கும் மகனைப் போலப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. மார்ச் 25-க்கு முன் மணமாகிப் போன மகளுக்கு அதில் பங்கில்லை என்ற கோடும் கூடவே இருந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் வர 2005 ஆயிற்று. சட்டம் வந்தது, பங்கும் வந்தது. கூடவே விடுதலைப் பத்திரமும் பெருகியது. அண்ணன் தம்பிக்குத் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சகோதரி கையெழுத்திடும் அந்தப் பத்திரம் நம் கிராமங்களில் பெண்கள் இட்ட கையெழுத்துகளில் பெரும்பகுதியைச் சுமந்திருக்கும் என்றே தோன்றுகிறது. எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறைப் பெண் தன் பெயரை முத்திரைத்தாளில் எழுதியது பெரும்பாலும் எதையோ விட்டுக்கொடுப்பதற்காக. இன்னொரு தற்செயலையும் சொல்லிவிடலாம்: அந்தச் சட்டத்துக்குக் கணக்கு வைத்த 1989 மார்ச் 25 அன்று சென்னையில் ஒரு சிறுமிக்குப் பத்து வயது நிறைந்தது. அவள் பெயர் விஜயலட்சுமி.

தேசியப் போட்டி ஒன்றின் அரங்குக்குள் போனால் அங்கேயும் காகிதம் உண்டு. ஒவ்வொரு மேசையிலும் பலகை, கடிகாரம், இருபுறமும் ஒவ்வொரு ஸ்கோர்ஷீட். தாளின் தலையில் ஆடுபவர்கள் இருவர் பெயரும், நாளும், சுற்றும், மேசை எண்ணும் எழுத வேண்டும். பிறகு கை குலுக்கல். வெள்ளைக் காய்களோடு ஆடுபவள் ஒரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டுத் தன் நகர்வை எழுதுகிறாள். எதிராளியும் அதையே தன் தாளில் எழுதுகிறாள். தொண்ணூறு நிமிடங்களும் நகர்வுக்கு முப்பது விநாடியும் தரப்படும் ஆட்டமென்றால் கடைசி நகர்வு வரை எழுதியே ஆக வேண்டும். நேரம் தீர்ந்துகொண்டிருக்கும், ராஜா திறந்து கிடக்கும், கை நடுங்கும். ஆனாலும் எழுத்து நிற்கக் கூடாது. எழுதாமல் விட்டால் நடுவர் வந்து மேசையருகில் நிற்பார். முன்கூட்டியே எழுதிவைத்துப் பிறகு நகர்த்துவதற்கும் விதி இடம் தராது. முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகள் இருவரும் வீட்டில் மனப்பாடம் செய்தவை. எழுத்து அழகாக இருக்கும். இருபதுக்கு மேல் கோடுகள் சாயத் தொடங்கும். நாற்பதைத் தாண்டினால் அந்தத் தாளைப் பார்த்தே யாருக்கு நெருக்கடி என்று சொல்லிவிடலாம். ஆட்டம் முடிந்ததும் முடிவை எழுதி இருவரும் இரு தாளிலும் கையெழுத்திடுகிறார்கள். மூலம் அமைப்பாளருக்கு, கார்பன் நகல் ஆடியவளுக்கு. தோற்றவளும் கையெழுத்திடத்தான் வேண்டும். அந்தத் தோல்வி அவளுடையது. அதற்கு ஈடாக அவளைக் கேட்க எந்தச் சித்தரும் வரப்போவதில்லை. எழுந்து போய் முகம் கழுவிவிட்டு அடுத்த சுற்றில் யாரோடு என்று பார்க்கலாம்.

நம் காலத்தில் புதிது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இந்தத் தாளைத்தான் சொல்ல வேண்டும். பெண்ணின் அறிவு புதிதில்லை, ஆட்டமும் புதிதில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணோடு ஆடிய ஆட்டத்தை, இருவருமே தங்கள் கையால், நகர்வு நகர்வாக எழுதி, பெயரிட்டு ஒப்புக்கொண்டு, வேறெதற்காகவும் இல்லாமல் அந்த ஆட்டத்துக்காகவே விட்டுச்செல்வது இந்த மண்ணின் நீண்ட கணக்கில் வெறும் ஐம்பது ஆண்டுப் பழக்கம். சதுரங்க வீரர் மேனுவல் ஆரோன் 1972-இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தால் சதுரங்கக் கழகத்தைத் தொடங்காமல் இருந்திருந்தால் தமிழ்நாட்டில் அது இன்னும் தாமதித்திருக்கும். விஸ்வநாதன் ஆனந்த் அங்கே வளர்ந்ததை எல்லோரும் சொல்வார்கள். அவருக்கு ஆட்டத்தைக் கற்றுத் தந்தவர் தாய் சுசீலா என்பதையும் சொல்வார்கள். சுசீலா ஆடிய ஆட்டம் ஒன்றையாவது யாரேனும் எழுதிவைத்தார்களா என்று கேட்பவர் இல்லை. விஜயலட்சுமியின் முதல் போட்டியும் 1986-இல் தால் கழகம் நடத்தியதுதான். 1995-இல் சென்னையிலேயே முதல் தேசியப் பட்டம். அதிலிருந்து 2002 வரை பெரும்பாலான ஆண்டுகள் பட்டம் அவருடையதே. 2000-இல் இஸ்தான்புல் ஒலிம்பியாடில் முதல் மேசையில் ஆடித் தனிநபர் வெள்ளி வென்றார். 2001-இல் நாட்டின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். தங்கை மீனாட்சியும் அதே பட்டத்தை எட்டினார். மும்பையில் மூன்று சகோதரிகள் என்றால் சென்னையிலும் விஜயலட்சுமி, மீனாட்சி, பானுப்பிரியா என்று மூன்று சகோதரிகள்! பெண்களின் ஆட்டம் ஓர் ஊரில் வேர்விட வேண்டுமானால் முதலில் ஒரு வீட்டுக்குள் எதிராளி கிடைக்க வேண்டியிருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆர். வைஷாலிக்கு அந்த எதிராளி தம்பி பிரக்ஞானந்தா. தொலைக்காட்சி பார்ப்பதைக் குறைக்கப் பெற்றோர் பலகை முன் உட்காரவைத்த பெண், 2023 முடிவில் கிராண்ட்மாஸ்டர் ஆனார்; ஹம்பிக்கும் ஹரிகாவுக்கும் பின் இந்தியப் பெண்களில் மூன்றாமவர். மாமல்லபுரத்தில் மகளிர் அணி வெண்கலம், 2024-இல் புடாபெஸ்டில் தங்கம் என்று இரண்டிலும் அவர் இருந்தார்.

பிறகு 2025 ஜூலை. ஜார்ஜியாவின் பட்டூமியில் மகளிர் உலகக் கோப்பையின் இறுதிக்கு வந்த இருவருமே இந்தியர்கள். ஒரு பக்கம் 2003-இல் தேசிய மகளிர் பட்டம் வென்ற ஹம்பி, வயது 38. மறுபக்கம் 2022-இல் அதே பட்டம் வென்ற நாக்பூரின் திவ்யா தேஷ்முக், வயது 19. தேசியப் போட்டியின் ஒரு சுற்று வேறொரு கடற்கரைக்குப் போய் நடந்தது போலிருந்தது. நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டும் டிரா. ஜூலை 28 அன்று டை-பிரேக்கின் இரண்டாவது ராபிட் (விரைவு) ஆட்டத்தில், நேர நெருக்கடியில் ஹம்பி தடுமாற, கறுப்புக் காய்களோடு திவ்யா வென்றார். அந்த வெற்றியே அவரை நான்காவது பெண் கிராண்ட்மாஸ்டரும் ஆக்கியது. நாடு கொண்டாடியது, செய்தித்தாள்கள் தலைமுறை மாற்றம் என்றன. இப்படிப்பட்ட தலைமுறை மாற்றங்களை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். காடில்கர்களிடமிருந்து பாக்கியஸ்ரீக்கு, அனுபமாவிடமிருந்து விஜயலட்சுமிக்கு, விஜயலட்சுமியிடமிருந்து ஹம்பிக்கு என்று பட்டம் கைமாறிய ஒவ்வொரு முறையும் இதே சொல் எழுதப்பட்டது. யாரும் கவனிக்காதது வேறொன்று. ராபிட் ஆட்டத்தில் நகர்வுகளை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. இந்திய மகளிர் சதுரங்கத்தின் மிகப் பெரிய ஆட்டத்தைப் பதிவுசெய்தது ஆடியவர்களின் கை இல்லை, கம்பி பொருத்திய பலகை.

பட்டூமியில் அந்தப் பலகை இருந்தது, அதனால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. நம்மைப் போன்ற மாவட்டங்களில் கதை வேறு. இங்கே ஒரு சிறுமிக்குக் கிடைக்கிற போட்டிகளில் பெரும்பாலானவை ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளி வளாகத்திலோ திருமண மண்டபத்திலோ நடக்கும் ஒருநாள் ராபிட் போட்டிகள். காலையில் தொடங்கி மாலைக்குள் ஏழெட்டுச் சுற்று முடித்துக் கோப்பை வழங்கியாக வேண்டும். தாளும் இல்லை, கம்பிப் பலகையும் இல்லை. பரிசுப் பட்டியலில் பெயர் இருக்கும், வாட்ஸ்அப்பில் படம் இருக்கும், ஆட்டம் இருக்காது. காய்களை அடுக்கிப் பெட்டியில் போட்டதும் அது போய்விடும். மாநில அளவில் ஆடிப் பழகிய பயிற்சியாளர்கள் சிலர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறுவதற்கு முன் ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, அன்றைய ஆட்டங்களை நினைவிலிருந்து எழுதச் சொல்கிறார்கள். ஒன்பது வயதுப் பிள்ளை முப்பது நாற்பது நகர்வைப் பிசகாமல் எழுதுகிறது. நடுவில் ஒன்று விடுபட்டால் முன்னும் பின்னும் வைத்துக் கண்டுபிடிக்கிறது. எல்லாவற்றையும் எழுத நேரமில்லாத நாளில், தோற்ற ஆட்டத்தை மட்டுமாவது எழுதிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அவர்கள் கட்டளை.